வீட்டு எலிக் கட்டுப்பாடு

வீட்டு எலிக் கட்டுப்பாடு என்பது மனிதர் வாழும் வீடுகளிலும் அவற்றை ஒட்டிய கொட்டில், களஞ்சியம், கடை முதலிய இடங்களிலும் எலிகள் நுழைவதையும் பெருகுவதையும் தடுக்கும் முறைகளின் தொகுப்பாகும். எலிகளுக்கு உணவு கிடைக்காமற் செய்தல், அவை நுழையும் வழிகளை அடைத்தல், பொறி வைத்துப் பிடித்தல், நஞ்சிட்டுக் கொல்லுதல் ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் முதல் இரண்டும் நிலையான பயன் தருவன. பின் இரண்டும் அவற்றுக்குத் துணையாக மட்டுமே அமைவன.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கு இத்துறையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றது. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எலிகளின் வழியாகப் பரவும் கொள்ளைநோய் (பிளேக்) இப்பகுதியில் நிலைகொண்டிருந்தது. இங்கு நிகழ்த்தப்பட்ட மருத்துவ ஆய்வு 1934 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இன்று கொள்ளைநோய் இப்பகுதியில் இல்லை. எனினும் எலிக் காய்ச்சல், தானிய இழப்பு, எலி நஞ்சினால் நேரும் உயிரிழப்பு ஆகியவற்றால் எலிக் கட்டுப்பாடு இன்றும் முதன்மை வாய்ந்த பொதுநல வினாவாகவே உள்ளது.

வீடுகளில் காணப்படும் இனங்கள்

தென்னிந்திய வீடுகளிலும் அவற்றின் சுற்றுப்புறங்களிலும் பொதுவாகக் காணப்படும் கொறிணிகள் பின்வருமாறு:

வீட்டெலி: கூரை எலி, கருப்பு எலி என்றும் அழைக்கப்படும். இதன் அறிவியற் பெயர் ராட்டசு ராட்டசு. வால் உடலை விட நீளமானது. நன்றாக ஏறக்கூடியது. ஓட்டுக் கூரை, பரண், தென்னை மரத்தின் கொண்டை ஆகியவற்றில் கூடு கட்டும்.

சுண்டெலி: அறிவியற் பெயர் மசு மசுக்குலசு. மிகச் சிறியது. பெட்டி, அலமாரி, பழைய துணி மூட்டை ஆகியவற்றினுள் வாழும். மிகக் குறைந்த நீருடன் உயிர்வாழக் கூடியது.

பெருச்சாளி: பாண்டிகோட்டா பேரினத்தைச் சேர்ந்தது. நிலத்தில் ஆழமான வளை தோண்டும். சாக்கடை ஓரங்கள், வீட்டு அடித்தளம், வைக்கோற் படப்பின் அடி ஆகியன இதன் இருப்பிடங்கள். இதன் ஆங்கிலப் பெயரான 'பாண்டிகூட்' என்பது, பன்றி எலி எனப் பொருள்படும் 'பந்திக்கொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது.

பழுப்பு எலி: அறிவியற் பெயர் ராட்டசு நார்வீசிக்கசு. துறைமுக நகரங்களிலும் பெருநகரச் சாக்கடைகளிலும் மிகுதியாக வாழ்கின்றது.

மூஞ்சூறு எலியைப் போலத் தோன்றினும் அது கொறிணி அன்று. நீண்ட கூரிய மூக்கும் கடும் நாற்றமும் கொண்ட இவ்விலங்கு கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்று வாழ்கின்றது. தானியத்துக்கும் துணிக்கும் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. எனவே பொறியில் அகப்பட்ட விலங்கு எலியா மூஞ்சூறா என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று.

வாழ்வியல்பு

வீட்டெலியின் சினைக்காலம் ஏறத்தாழ 21 முதல் 23 நாட்கள் ஆகும். ஓர் ஈற்றில் பொதுவாக 5 முதல் 8 குட்டிகள் பிறக்கும். குட்டிகள் மூன்று அல்லது நான்கு மாதங்களில் இனப்பெருக்கம் செய்யும் நிலையை அடைகின்றன. இயற்கையில் பெரும்பாலான எலிகள் ஓராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. ஆயினும் உணவும் மறைவிடமும் கிடைக்குமாயின் அவற்றின் எண்ணிக்கை சில மாதங்களிலேயே பன்மடங்காகிவிடும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பன. அவற்றைத் தேய்த்துக் குறைப்பதற்காக எலி மரம், மின்கம்பி, நெகிழிக் குழாய் முதலியவற்றை ஓயாது கொறிக்கின்றது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அகலமுள்ள இடைவெளி வழியே எலியும், 6 மில்லிமீட்டர் இடைவெளி வழியே சுண்டெலியும் நுழையக்கூடும்.

எலியின் மற்றோர் இயல்பு புதியனவற்றைக் கண்டு அஞ்சுதல் ஆகும். வழக்கமான பாதையில் ஒரு புதுப் பொருள் இருந்தால் பல நாட்கள் அதனை அணுகாது விலகிச் செல்லும். புதிய உணவையும் சிறிதளவே தின்று பார்க்கும். உடல்நலம் குன்றினால் அவ்வுணவை மீண்டும் தொடாது. பொறி வைத்தும் நஞ்சு வைத்தும் எலி அகப்படவில்லை என்று கூறப்படுவதற்கு இவ்வியல்பே பெரும்பாலும் காரணமாகின்றது.

எலி இருப்பதற்கான அறிகுறிகள்

எலி இரவில் நடமாடும் விலங்காதலால் அதனை நேரிற் காண்பதற்கு முன்பே அறிகுறிகள் தோன்றிவிடும். சுவரோரம் சிதறிக் கிடக்கும் புழுக்கைகள், கதவின் அடியிலும் மூட்டைகளிலும் காணப்படும் கொறித்த தடம், எலி உடல் உரசுவதால் சுவரிலும் உத்திரத்திலும் படியும் கருத்த எண்ணெய்க் கறை, இரவில் கூரைமேல் கேட்கும் ஓட்டம், சிறுநீர் நாற்றம் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. புதிய புழுக்கை மென்மையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். பழையது காய்ந்து சாம்பல் நிறமாக மாறும். சுவரோரம் மாவைத் தூவி வைத்து மறுநாள் காலையில் கால் தடங்களைப் பார்த்தும் எலியின் பாதையை அறியலாம்.

பகலிலேயே எலிகள் நடமாடுமாயின், அவை மறைவிடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும் அளவுக்குப் பெருகிவிட்டன என்று பொதுவாகக் கொள்ளலாம்.

எலிகளால் ஏற்படும் தீங்குகள்

பொருள் இழப்பு

எலி தின்னும் தானியத்தை விட அது சிந்தியும், சிறுநீர் புழுக்கைகளால் கெடுத்தும் வீணாக்கும் தானியம் மிகுதியாகும். துணி, நூல், பத்திரம், மரப்பொருள் ஆகியனவும் சேதமடைகின்றன. மின்கம்பியின் மேலுறையைக் கொறிப்பதால் மின்கசிவும் தீயும் ஏற்படக்கூடும். நிறுத்தி வைக்கப்பட்ட ஊர்திகளின் கம்பிகளும் இவ்வாறே கெடுகின்றன.

நோய்கள்

எலிகளின் வழியாகப் பரவும் நோய்களுள் தமிழ்நாட்டில் இன்று கவனிக்கப்பட வேண்டியது எலிக் காய்ச்சல் (லெப்டோசுபைரோசிசு) ஆகும். இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் எலியின் சிறுநீரில் வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிர்வாழும். காலிலுள்ள வெடிப்பு, சிராய்ப்பு ஆகியன வழியாகவும் கண், வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் மனித உடலில் நுழைகின்றது. நாய், பன்றி, மாடு ஆகியவற்றாலும் இது பரவுவதுண்டு. காய்ச்சல், கடும் தசைவலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியன இதன் தொடக்க அறிகுறிகள். சிலருக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏற்படும். நெல் வயலில் வெறுங்காலுடன் உழைப்போரும் துப்புரவுப் பணியாளரும் இந்நோய்க்கு எளிதில் ஆளாகின்றனர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் குணப்படுத்த முடியும்.

இது தவிர எலித்தெள்ளு வழியாகப் பரவும் டைபசுக் காய்ச்சல், எலி மேல் வாழும் சிறு உண்ணிகளின் இளம்பருவத்தால் பரவும் உண்ணிக் காய்ச்சல், எலிக்கடிக் காய்ச்சல், எலி எச்சம் கலந்த உணவால் நேரும் வயிற்றுப்போக்கு ஆகியனவும் உள்ளன. வரலாற்றில் இவை எல்லாவற்றிலும் கொடியதாக விளங்கியது கொள்ளைநோய் ஆகும்.

கம்பம் பள்ளத்தாக்கும் கொள்ளைநோயும்

பின்னணி

1894 ஆம் ஆண்டில் ஆங்காங்கில் பரவிய கொள்ளைநோய் 1896 ஆம் ஆண்டில் பம்பாயை அடைந்தது. அங்கிருந்து இந்தியாவின் பல பகுதிகளுக்குப் பரவி, அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இந்நோயின் நுண்ணுயிரை அலெக்சாந்தர் யெர்சின் 1894 ஆம் ஆண்டில் ஆங்காங்கில் கண்டறிந்தார். எலியிடமிருந்து மனிதருக்கு நோயைக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சியே என்பதைப் பால்-லூயி சிமோன் 1898 ஆம் ஆண்டில் கராச்சியில் செய்த சோதனையால் காட்டினார். அக்கருத்து உடனே ஏற்கப்படவில்லை. 1905 ஆம் ஆண்டிலிருந்து இந்தியாவில் நிகழ்ந்த விரிவான ஆய்வுகளுக்குப் பின்னரே அது உறுதிப்பட்டது.

பள்ளத்தாக்கின் அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே அமைந்துள்ளது. 1895 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் சுரங்க வழியாக இங்கு வந்து, முல்லைப் பெரியாற்றின் வழியே வயல்களுக்குப் பாய்கின்றது. இதனால் 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோக நெல் விளைகின்றது. உத்தமபாளையம் இப்பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில், தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலையில் உள்ள வட்டத் தலைநகரம் ஆகும். பள்ளத்தாக்கிலிருந்து அரிசியும் பிற உணவுப் பொருட்களும் மலைத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. மலையிலிருந்து ஏலக்காய் இறங்குகின்றது.

இரு போகம் விளையும் ஊரில் ஆண்டின் பெரும்பகுதியும் வீடுகளில் நெல் இருக்கும். முற்காலத்து வீடுகள் பெரும்பாலும் மண்சுவரும் கூரை அல்லது நாட்டு ஓடும் கொண்டவை. சுவரடியில் வளை தோண்டுவதும் ஓட்டிடுக்கில் கூடு கட்டுவதும் எலிக்கு எளிதாயிருந்தன. மனிதர் உறங்கும் அறையிலேயே தானியமும், தானியத்தின் அருகிலேயே எலியும், எலியின் மேல் தெள்ளும் இருந்தன. தானிய மூட்டைகளுடன் எலியும் தெள்ளும் வண்டியேறி ஊர் விட்டு ஊர் செல்லுதல் கொள்ளைநோய் பரவும் வழிகளுள் முதன்மையானது.

1934 ஆம் ஆண்டின் ஆய்வு

அக்காலத்தில் இப்பகுதி சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டிலேயே தனியாகப் பிரிக்கப்பட்டது. இப்பள்ளத்தாக்கின் கொள்ளைநோய் குறித்துப் பி. வி. ஜார்ஜ், டபிள்யூ. ஜே. வெப்ஸ்டர் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வறிக்கை 1934 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. இதன் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கு, கொள்ளைநோய் குறித்த உலக மருத்துவ நூல்களில் இடம்பெறும் ஊர்ப்பெயர்களுள் ஒன்றாயிற்று.

தென்னிந்தியாவில் நோயின் பரவலை விளங்கிக்கொள்வதற்குத் தெள்ளுப்பூச்சியின் இனமும் முக்கியமானது. இந்திய எலிகளின் மேல் வாழும் தெள்ளுகளுள் செனோப்சில்லா கியோபிசு என்னும் இனம் நோயைத் திறம்படக் கடத்துவது. செனோப்சில்லா ஆசுட்டியா என்னும் இனம் அவ்வளவு திறனற்றது. கொழும்பில் பணியாற்றிய எல். எஃப். இர்சுட்டு இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். கடும் வெப்பமும் வறட்சியும் தெள்ளின் வாழ்நாளைக் குறைப்பதால், இந்தியச் சமவெளிகளில் நோய் பொதுவாகக் குளிர்ந்த மாதங்களில் பெருகிக் கோடையில் தணிந்தது.

எலி வீழ்ச்சியும் அதன் பாடமும்

கொள்ளைநோய்க்கு முன்னறிகுறியாக வீடுகளில் எலிகள் தாமாகவே செத்து விழும். இதனை 'எலி வீழ்ச்சி' என்பர். நோயுற்ற எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் அதனை விட்டு நீங்கி வேறு எலியைத் தேடும். எலி கிடைக்காவிடில் மனிதரைக் கடிக்கும். எலி விழுந்தவுடன் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. தெள்ளைப் பற்றி அறியாத காலத்திலேயே எழுந்த இவ்வழக்கம் அறிவியல் நோக்கில் பொருத்தமானதாகவே இருந்தது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு எலிக் கட்டுப்பாட்டில் மிக முக்கியமானதாகும். கொள்ளைநோய்க் காலத்தில் எலிகளை மட்டும் கொன்றால், உறைவிடம் இழந்த தெள்ளுகள் மனிதரை நாடும். ஆகவே முதலில் தெள்ளை ஒழித்து, பின்னரே எலியைக் கொல்ல வேண்டும் என்பது இன்றைய உலக நடைமுறை. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கால்சியம் சயனைடுத் தூளை எலி வளைகளில் செலுத்தும் முறை இந்தியாவில் கையாளப்பட்டது. அதிலிருந்து எழும் நச்சு வளி எலியையும் தெள்ளையும் ஒருசேரக் கொன்றது. எனினும் அது மனிதருக்கும் கொடிய நஞ்சாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த டி.டி.டி. முதலிய பூச்சிக்கொல்லிகள் தெள்ளை ஒழிக்க உதவின. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் நோயாளிகளைக் காத்தன.

இந்தியாவில் கொள்ளைநோய் 1960களின் பிற்பகுதியில் மறைந்தது. பின்னர் 1994 ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் பீடு மாவட்டத்திலும் குசராத்தின் சூரத்திலும் மீண்டும் தோன்றியது. 2002 ஆம் ஆண்டில் இமாச்சலப் பிரதேசத்திலும் 2004 ஆம் ஆண்டில் உத்தரகாண்டிலும் சிறு அளவில் காணப்பட்டது. தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பகுதி நீண்டகாலமாக இந்நோய்க்கான கண்காணிப்பில் வைக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாகும்.

கட்டுப்பாட்டு முறைகள்

உணவைத் தடுத்தல்

ஓர் இடத்தில் எத்தனை எலிகள் வாழும் என்பதை அங்குள்ள உணவும் மறைவிடமுமே உறுதி செய்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1940களில் டேவிட் டேவிசு முதலியோர் நடத்திய ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. நஞ்சிட்டும் பிடித்தும் குறைக்கப்பட்ட எலிகள் சில மாதங்களில் பழைய எண்ணிக்கையை எட்டின. குப்பையும் மறைவிடமும் நீக்கப்பட்ட இடங்களில் அவை குறைந்த நிலையிலேயே நின்றன.

இதற்கேற்ப வீட்டில் செய்யத்தக்கன பின்வருமாறு:

நெல், அரிசி, பயறு ஆகியவற்றைச் சணற் சாக்கிலோ நெகிழிப் பையிலோ வையாமல், இறுக்கமான மூடியுள்ள தகரக் குதிரிலோ எவர்சில்வர் தூக்கிலோ வைத்தல்.

மூட்டையாகவே வைக்க நேர்ந்தால், சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளி, மரச் சட்டத்தின் மேல் அடுக்குதல்.

எச்சில் ஏனங்களை இரவில் கழுவாமல் விடாதிருத்தல், அடுப்படியைத் துடைத்தல், குப்பைக் கூடையை மூடி வைத்தல்.

கோழித் தீவனம், மாட்டுக்கான தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றையும் வீட்டுத் தானியத்தைப் போலவே மூடிக் காத்தல்.

ஒழுகும் குழாயைச் சரிசெய்தல். வீட்டெலிக்கு நாள்தோறும் நீர் தேவை.

பழைய அட்டைப் பெட்டி, துணி மூட்டை, பயன்படாத மரம் ஆகியவற்றைப் பரணில் சேர்த்து வையாதிருத்தல்.

முற்காலத்தில் நெல்லைச் சேமிக்கப் பயன்பட்ட குதிர், குலுக்கை, மரப் பத்தாயம் ஆகியன எலியைத் தடுக்கும் நோக்கமும் கொண்டவை. குலுக்கையின் வாயை மண்பூசி அடைத்து, அடியில் உள்ள சிறு துளை வழியாகத் தேவையான அளவு மட்டும் தானியம் எடுப்பர். நன்கு பூசி மெழுகப்பட்ட குலுக்கை எலிக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. விரிசல் விழுந்தால் அப்பயன் குன்றும். 1960களில் இந்திய அரசு தொடங்கிய தானியப் பாதுகாப்பு இயக்கம் இவற்றுக்கு மாற்றாகத் தகரக் குதிர்களைப் பரப்பியது.

வழிகளை அடைத்தல்

சுவரிலுள்ள துளைகளைச் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். கலவையுடன் உடைந்த கண்ணாடித் துண்டு அல்லது இரும்புக் கம்பிச் சுருளைச் சேர்த்தால் எலி மீண்டும் கொறிக்க இயலாது. துணி, காகிதம், மரத்துண்டு ஆகியவற்றால் அடைப்பது பயன் தராது. கதவின் அடியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் தகரப் பட்டை அடிக்கலாம். சாக்கடைத் துளை, காற்றுப் போக்கி, குழாய் சுவருக்குள் நுழையுமிடம் ஆகியவற்றுக்கு நெருங்கிய கம்பிவலை பொருத்த வேண்டும்.

ஓட்டு வீடுகளில் சுவரும் கூரையும் சேருமிடத்திலுள்ள இடைவெளியே முதன்மையான நுழைவழியாகும். அதனைப் பூசி அடைத்தல் நன்று. கூரையின் மேல் சாயும் மரக்கிளைகளை ஒரு மீட்டர் தொலைவுக்கேனும் வெட்டிவிட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்புகளை ஒட்டிய வீடுகள் பல உள்ளன. தென்னையின் கொண்டையில் வாழும் எலி இளநீர்க் குரும்பைகளைத் துளைப்பதுடன் மட்டை வழியாக வீட்டுக்குள்ளும் வருகின்றது. தென்னந்தண்டில் தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் வழுவழுப்பான தகரப் பட்டையைச் சுற்றிப் பொருத்துதல் இதற்கான வழக்கமான தடுப்பாகும். மரங்களின் மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தால் இத்தடுப்புப் பயன்படாது.

வழிகளை அடைக்கும்போது எலிகள் உள்ளேயே சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே அடைத்த பின் சில நாட்கள் வீட்டினுள் பொறி வைக்க வேண்டும்.

பொறிகள்

தமிழ்நாட்டில் மரப்பெட்டிப் பொறி, கம்பிக் கூண்டுப் பொறி, அடிபொறி ஆகியன வழக்கில் உள்ளன. மசால்வடை, தேங்காய்ச் சில்லு, வறுத்த நிலக்கடலை, கருவாடு முதலியன இரையாக வைக்கப்படுகின்றன. தேங்காயைச் சுட்டு வைத்தால் மணம் மிகும். பொறியை அறையின் நடுவில் வையாமல், எலி ஓடும் சுவரோரத்தில் வாய்ப்பகுதி சுவரை நோக்குமாறு வைக்க வேண்டும்.

புதுப் பொருளுக்கு எலி அஞ்சுமாதலால், முதல் இரண்டு மூன்று இரவுகள் பொறியை முடுக்காமல் இரையை மட்டும் வைத்துத் தின்னவிடுதல் நல்ல உத்தியாகும். பின்னர் ஒரே இரவில் பல பொறிகளை முடுக்கினால் மிகுதியான எலிகள் அகப்படும். ஒரு பொறியைப் பல வாரங்கள் வைப்பதை விடப் பல பொறிகளைச் சில நாட்கள் வைப்பது பயன் மிக்கது.

உயிருடன் பிடித்த எலியை அடுத்த தெருவிலோ வயலிலோ விட்டுவிடுவது சிக்கலை இடம் மாற்றுவதாகவே முடியும். ஒட்டுப்பொறியில் சிக்கும் எலி பல மணி நேரம் துன்புற்று இறக்கின்றது. பல்லி, ஓணான், குருவி ஆகியனவும் அதில் சிக்குகின்றன. இக்காரணங்களால் இந்திய விலங்கு நல வாரியம் ஒட்டுப்பொறிக்கு எதிராக அறிவுறுத்தியுள்ளது.

இயற்கைப் பகைகள்

பூனை சுண்டெலியையும் இளம் எலிகளையும் பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளியைப் பெரும்பாலும் நெருங்குவதில்லை. வீட்டில் உணவு நிறைந்திருந்தால் பூனையால் மட்டும் எலிகளை ஒழிக்க இயலாது. வயற்புறங்களில் கூகை, ஆந்தை, சாரைப்பாம்பு, கீரி ஆகியன எலிகளைப் பெருமளவில் தின்கின்றன. சாரைப்பாம்பு நஞ்சற்றது. அதனை அடித்துக் கொல்வது எலிகளுக்கே நன்மையாக முடிகின்றது.

நஞ்சுகள்

எலி நஞ்சுகள் இரு வகைப்படும். குருதி உறையாமற் செய்யும் நஞ்சுகள் மெதுவாகச் செயற்படுவன. இவ்வகையில் முதலாவதான வார்பாரின் 1940களின் இறுதியில் எலி மருந்தாக அறிமுகமானது. இன்று இந்தியாவில் புரோமடியோலோன் என்பது வில்லைகளாகக் கிடைக்கின்றது. இதனை உண்ட எலி சில நாட்களுக்குப் பின் உட்குருதிப் பெருக்கால் இறக்கும். உடனே நலக்குறைவு தோன்றாததால் எலி ஐயுறாமல் தொடர்ந்து உண்ணும். மனிதரோ வளர்ப்பு விலங்கோ உண்டுவிட்டால் உயிர்ச்சத்து கே1 முறிமருந்தாகப் பயன்படுகின்றது.

மற்றொரு வகை உடனடியாகக் கொல்லும் நஞ்சுகளாகும். துத்தநாகப் பாசுபைடு, அலுமினியப் பாசுபைடு, மஞ்சள் பாசுபரசு ஆகியன இவ்வகையின. பாசுபைடுகள் ஈரத்துடன் சேரும்போது பாசுபீன் என்னும் கொடிய வளியை வெளியிடுகின்றன. இவற்றுக்கும் மஞ்சள் பாசுபரசுக்கும் முறிமருந்து இல்லை.

எலி நஞ்சும் மனித உயிரும்

தமிழ்நாட்டின் மருத்துவமனைகளில் எலி நஞ்சினால் கல்லீரல் செயலிழந்து சேர்க்கப்படுவோரில் பெரும்பாலோர் மஞ்சள் பாசுபரசுப் பசையால் பாதிக்கப்பட்டவர்கள் ஆவர். பற்பசை போன்ற தோற்றம் கொண்டிருந்ததால் சிறுவர்கள் தவறுதலாக வாயிலிட்டதும் உண்டு. உளநெருக்கடியில் உண்டோரும் பலர். தமிழ்நாடு அரசு இப்பசையின் விற்பனையைத் தடை செய்துள்ளது.

இந்நஞ்சின் தனித்த இடர் அதன் போக்கில் உள்ளது. முதல் நாளில் வாந்தியும் வயிற்றுவலியும் தோன்றி, பின்னர் ஓரிரு நாட்கள் பாதிக்கப்பட்டவர் நலமடைந்தவர் போலவே காணப்படுவார். உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவர். அதன் பின்னரே கல்லீரல் செயலிழக்கத் தொடங்குகின்றது. அந்நிலையில் சிலருக்குக் குருதி நீர்மமாற்றமும் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவையும் தேவைப்படுகின்றன. எனவே அறிகுறி இல்லை என்பதை நலம் என்று கொள்ளலாகாது.

மூடிய அறையில் நஞ்சு வைப்பதும் இடர் மிக்கது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக மருந்து வைக்கப்பட்ட வீட்டில் இரவு உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் உயிரிழந்தனர், பெற்றோர் தீவிர மருத்துவம் பெற்றனர். பாசுபைடு வகை நஞ்சுகளை மனிதர் உறங்கும் வீடுகளில் எக்காரணத்தைக் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அலுமினியப் பாசுபைடு வில்லைகளைத் தேர்ச்சி பெற்றோரின் மேற்பார்வையின்றிப் பொதுமக்கள் வாங்கவோ கையாளவோ இந்திய விதிகள் இடமளிப்பதில்லை.

யாரேனும் எலி நஞ்சை உண்டுவிட்டதாக ஐயம் எழுந்தால்:

உடனே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நஞ்சின் உறையையோ குப்பியையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எவ்வகை நஞ்சு என்பதைப் பொறுத்தே மருத்துவம் அமையும்.

உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. பால், எண்ணெய், நெய், முட்டை ஆகியவற்றையும் புகட்டலாகாது. மஞ்சள் பாசுபரசு கொழுப்பில் கரைந்து உடலில் மேலும் விரைவாக ஏறும்.

உடலிலும் ஆடையிலும் நஞ்சு பட்டிருந்தால் ஆடையைக் களைந்து நீரால் கழுவ வேண்டும்.

உளநெருக்கடியில் இருப்போரும் அவர்தம் உறவினரும் 14416 என்னும் கட்டணமற்ற எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். சிறுவரோ நெருக்கடியில் உள்ளோரோ வாழும் வீட்டில் எலி நஞ்சை வாங்கி வையாதிருப்பதே தலையாய காப்பாகும்.

எச்சங்களைத் தூய்மை செய்தல்

எலிப் புழுக்கைகளைக் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கினால் தூசியுடன் நுண்ணுயிர்களும் காற்றில் கலக்கும். முதலில் கதவு, சன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட்டம் தர வேண்டும். பின்னர் கையுறை அணிந்து, ஒரு பங்கு சலவைக் கரைசலுக்கு ஒன்பது பங்கு நீர் என்ற அளவில் கலந்து எச்சத்தின் மேல் தெளித்து, சில நிமிடங்கள் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், இரட்டை நெகிழிப் பையிலிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும். எலி வாய்வைத்த உணவைக் கழுவி உண்ணுதல் பாதுகாப்பானதன்று. எலி கடித்தால் காயத்தைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி மருத்துவரை அணுக வேண்டும்.

ஒரே வீட்டில் பல எலிகள் காரணமின்றிச் செத்துக் கிடந்தால், அதனைச் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பது நல்லது.

தெருவளவிலான கட்டுப்பாடு

எலிக்கு வீட்டு எல்லை இல்லை. ஒரு வீட்டில் மட்டும் எலி ஒழிக்கப்பட்டால், வெற்றிடத்தை அடுத்த வீட்டு எலிகள் சில வாரங்களில் நிரப்பிவிடும். எனவே ஒரு தெருவிலுள்ள அனைவரும் ஒரே காலத்தில் குப்பையை அகற்றி, வழிகளை அடைத்து, பொறி வைத்தலே பயன் தரும். இருபோக நெல் விளையும் உத்தமபாளையம் போன்ற ஊர்களில் அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் உணவு தேடி வீடுகளை நோக்கி வருவதுண்டு. அறுவடைக்கு முன்பே வீட்டின் துளைகளை அடைத்து, தானியம் சேமிக்கும் கலங்களைச் செப்பனிட்டு வைத்தல் இதற்கு ஏற்ற காலமாகும்.

பண்பாட்டில்

இந்து சமயத்தில் எலி பிள்ளையாரின் ஊர்தியாகக் கருதப்படுகின்றது. தமிழில் இவ்வூர்தி மூஞ்சூறு, பெருச்சாளி எனப் பலவாறு குறிக்கப்படுகின்றது. கொள்ளைநோய் கடுமையாகத் தாக்கிய கோயம்புத்தூரில் நோயின் பெயரிலேயே பிளேக் மாரியம்மன் கோயில்கள் அமைந்துள்ளன. நோய் மறைந்த பின்னரும் அக்காலத்தின் நினைவு இக்கோயில்களில் நிலைத்திருக்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

கொறிணி
பெருச்சாளி
மூஞ்சூறு
கொள்ளைநோய்
எலிக் காய்ச்சல்
கம்பம் பள்ளத்தாக்கு
உத்தமபாளையம்